பந்தயப் பணம் யார் கையில்?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் போதும். அமெரிக்காவில் எத்தனையோ தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஆபீசுகளிலும் ஒரு தாள் கைமாறத் தொடங்கிவிடும். தாளில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் தொழிலாளிகள் அதைச் சுற்றி நின்று வாதாடுவார்கள். ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்து, ஐந்தாறு பெயர்களுக்கு எதிரே குறி போடுவார்கள். வியாழனன்று போட்டி தொடங்கும். ஞாயிறு மாலை முடியும். யார் குறித்த ஆட்கள் கூட்டாக நன்றாக ஆடினார்களோ, அவர் திங்கட்கிழமை காலை மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்.

ஆட்டத்தின் பெயர் கோல்ப். போட்டியின் பெயர் மாஸ்டர்ஸ். ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்னும் ஊரில், ஒரு பணக்கார கிளப்பின் மைதானத்தில், 1934ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி அது.

"கோல்ப் பணக்காரன் விளையாட்டு. அதில் பந்தயம் கட்டுவது அமெரிக்கக்காரன் பாடு. மில்லில் நூல் இழைக்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வந்தது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

நாம் சொல்லும் பதில் இது. அந்தப் பத்து டாலர் ஒரு தொழிலாளியின் கூலி. அதே பத்து டாலர், அதே ஆட்டக்காரன் பெயரில், இரண்டு வழிகளில் போகிறது. ஒரு வழியில் போனால் அது தொழிலாளிகளின் கைகளுக்குள்ளேயே சுற்றி வருகிறது. மற்றொரு வழியில் போனால் ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் விழுகிறது. இரண்டையும் 'பந்தயம்' என்ற ஒரே சொல்லால் அழைத்து, இரண்டும் ஒன்றே என்று ஜனங்களை நம்பவைக்கிறார்கள். இந்தப் பித்தலாட்டத்தைப் புரிந்துகொண்டால், கோல்ப் தடியைக் கண்ணால் கண்டிராத உழைப்பாளிக்கும் உபயோகம் உண்டு.

ஆட்டமும் தேர்வும்

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். சிறிய பந்து; நீண்ட தடி; மைதானம் நெடுகப் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போகவேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவன் கெட்டிக்காரன். நாளைக்கு 18 குழி வீதம் நான்கு நாட்களில் 72 குழி. இரண்டு நாள் முடிந்ததும் வடிகட்டல் நடக்கும். மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் 50 இடங்களில் உள்ளவர்களும், ஐம்பதாவது ஆளோடு சமமாக நிற்பவர்களும் மட்டுமே மேலே போகலாம். மற்றவர்கள் மூட்டை கட்டவேண்டியதுதான்.

இதைப் போலப் பெரிய போட்டிகள் ஆண்டுக்கு நான்கு. மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓப்பன் ஆகிய மூன்றும் அமெரிக்காவில் நடப்பவை. நான்காவது, பிரிட்டனில் 1860இல் தொடங்கிய ஓப்பன். மாஸ்டர்ஸில் ஆடுகிறவர்கள் நூறு பேருக்கும் குறைவு. மற்ற மூன்றிலும் 156 பேர் வரை களத்தில் இறங்குகிறார்கள்.

தொழிலாளிகளின் கூட்டுப் பந்தயத்தில் ஆட்டக்காரர்களைத் தர வரிசைப்படி நான்கைந்து கூட்டமாகப் பிரித்துவிடுகிறார்கள். மேல் தட்டில் பெயர் பெற்ற பத்துப் பேர், அடுத்த தட்டில் இன்னொரு பத்து, இப்படியே போகும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒருவரைக் குறிக்கவேண்டும். குறித்தவர்களின் அடிக்கணக்கைக் கூட்டுவார்கள். வடிகட்டலில் விழுந்தவனுக்குத் தண்டமாகச் சில அடிகள் சேரும். கடைசியில் எவருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கே பணம்.

இதில் யோசனைக்கு இடமில்லாமல் இல்லை. பெயரைப் பார்த்துக் குறிக்கிறவன் ஏமாறுவான். மாஸ்டர்ஸில் ஒருமுறை வென்றவருக்கு ஆயுள் முழுவதும் அழைப்பு உண்டு. ஆகவே அறுபது வயதைத் தாண்டிய பழைய வீரர்களின் பெயர்களும் பட்டியலில் வரும். பெயர் பெரிது, கையில் தெம்பு இல்லை. அகஸ்டாவில் முதல் தடவையாக ஆடுகிறவரையும் நம்பமுடியாது. மற்றப் போட்டிகள் ஆண்டுக்கு ஓர் இடமாக மாறும். மாஸ்டர்ஸ் மட்டும் எப்போதும் அதே மைதானத்தில் நடக்கிறது. மேடு பள்ளம் தெரிந்த கால்களுக்கே அங்கே லாபம். போட்டி பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டால், முதல் வருகையிலேயே வென்றவர் 2025 வரை ஒரே ஒருவர்தான்: 1979இல் பஸ்ஸி சோலர். பிரிட்டிஷ் ஓப்பனிலோ கடற்காற்று எஜமானன். காலையில் ஆடியவனுக்கு அமைதியும் மாலையில் ஆடியவனுக்குப் புயலும் வாய்க்கலாம்.

மேல் தட்டில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் குறிப்பார்கள். அவன் வென்றாலும் நமக்குத் தனி லாபம் கிடையாது. கீழ்த் தட்டுகளில், வடிகட்டலைத் தாண்டக்கூடிய நிதானமான ஆளைக் கண்டுபிடிக்கிறவரே பெரும்பாலும் பணத்தை எடுக்கிறார். கூட்டுகிறவரும் கணக்கப்பிள்ளையும் மெக்கானிக்கும் ஒரே தாளின் முன்னால் சமமாக நின்று வாதாடுகிறார்கள். மேஸ்திரியின் கணிப்பு பிசகினால் எல்லோருமாகச் சேர்ந்து கேலி செய்கிறார்கள். உழைத்துக் களைத்தவர்களுக்கு இந்தச் சிறு சந்தோஷம் கூடாது என்று சொல்லும் சன்னியாசிகள் அல்ல நாம்.

யாரும் நிச்சயமில்லை

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. எவ்வளவு யோசித்துக் குறித்தாலும் இந்த ஆட்டத்தில் நிச்சயம் என்பது இல்லை. இதுவரை பெரிய போட்டிகளில் மிக அதிகமாக வென்றவர் அமெரிக்கர் ஜாக் நிக்லாஸ். 164 பெரிய போட்டிகளில் ஆடி 18இல் வென்றார். ஒன்பது முறை ஆடினால் ஒரு முறை வெற்றி. அத்தனை பேரிலும் சிறந்தவருக்கே கணக்கு இதுதான். அவருடைய இளமைக் காலத்திலிருந்து முதுமை வரை ஒவ்வொரு தடவையும் அவர் பெயரில் பணம் கட்டிய விசுவாசி, 146 தடவை கையை விரித்திருப்பான்.

எதிர்பாராதவன் வருவதும் சகஜம். 1991இல் பி.ஜி.ஏ. போட்டியில் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தவர் ஜான் டேலி. முன்னால் இருந்தவர்கள் விலகிக்கொள்ள, கடைசி நேரத்தில் இடம் கிடைத்தது. அந்த மைதானத்தில் ஒரு பயிற்சிச் சுற்றுகூட ஆடாமல் இறங்கியவர் கோப்பையோடு போனார். 2003இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற பென் கர்ட்டிஸ் உலக வரிசையில் 396ஆவது இடத்தில் இருந்தவர். அவர் ஆடிய முதல் பெரிய போட்டியே அதுதான். 2009 பி.ஜி.ஏ. போட்டியில், கொரியாவின் ஜேஜூ தீவு விவசாயியின் மகன் யாங் யோங் உன், கடைசி நாளில் முன்னணியில் நின்ற டைகர் உட்ஸையே தோற்கடித்தார். பெரிய போட்டியில் கடைசி நாளை முன்னணியில் தொடங்கி உட்ஸ் தோற்றது அதுவே முதல் தடவை.

இந்த நிச்சயமின்மைதான் சிநேகிதர்களின் பந்தயத்துக்கு உப்பு. இதே நிச்சயமின்மைதான் கம்பெனிக்காரனுக்கு மூலதனம்.

இரண்டு கணக்குகள்

இப்போது கணக்குக்கு வருவோம்.

இருபது தொழிலாளிகள் ஆளுக்குப் பத்து டாலர் போடுகிறார்கள். உள்ளே போனது 200 டாலர். திங்கட்கிழமை வெளியே வருவதும் 200 டாலர். ஒருவர் பெறுகிறார், பத்தொன்பது பேர் இழக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலையை விட்டு ஒரு காசும் வெளியே போகவில்லை. இந்த ஆண்டு இழந்தவர் அடுத்த ஆண்டு பெறலாம். தீபாவளிச் சீட்டுப் போடுகிற நம் பெண்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அதே பத்து டாலரைப் பந்தயக் கம்பெனியில் கட்டினால் என்ன நடக்கிறது? கம்பெனி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை வைக்கிறது. 'இவன் வென்றால் ஒன்றுக்குப் பத்து, அவன் வென்றால் ஒன்றுக்கு ஐம்பது' என்று பலகை போடுகிறது. பார்த்தால் தர்மசாலையைப் போலிருக்கும். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். யார் வென்றாலும் நமக்கு 100 டாலர் திரும்பி வருகிற மாதிரி பட்டியலிலுள்ள எல்லாப் பெயர்களையும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலை நியாயமானதாக இருந்தால் அதற்கு 100 டாலர்தான் செலவாகவேண்டும். இரண்டே கட்சிகள் மோதும் ஆட்டத்தில், நூறு ஜெயிக்க நூற்றுப்பத்துக் கட்டவேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். அங்கே இந்தச் செலவு சுமார் 105 டாலர் ஆகிறது. நூறு, நூற்றைம்பது பேர் ஆடும் கோல்ப் போட்டியிலோ 130 டாலரும் அதற்கு மேலும் போவது சகஜம்.

இதன் அர்த்தம் என்ன? 130 டாலர் கொடுத்து 100 டாலர் வாங்கச் சொல்கிறான். கட்டும் ஒவ்வொரு நூறு டாலரிலும் ஏறக்குறைய 23 டாலர், பந்தைத் தட்டுவதற்கு முன்பே, கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பட்டியல் எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு இந்தத் திருட்டு கண்ணுக்குத் தெரியாது. ஐம்பதுக்கு ஒன்று என்ற ஆளின் நியாயமான விலை எண்பதா நூறா என்று உழைப்பாளி எப்படிக் கண்டுபிடிப்பார்? நெல் அளக்கும்போது மரக்காலில் கள்ளம் செய்த பண்ணைக்காரனை நாம் பார்த்திருக்கிறோம். இவனும் அதே மரக்கால்காரன்தான். ஆனால் இவனுடைய மரக்கால் கண்ணாடித் திரையில் மின்னுகிறது!

இதோடு விட்டானா? வியாழக்கிழமை கட்டிவிட்டு ஞாயிறுவரை சும்மா இருக்க விடுவதில்லை. கைப்போனிலேயே அடுத்த குழிக்கு ஒரு பந்தயம், அடுத்த அடிக்கு ஒரு பந்தயம், நாலைந்தைக் கோத்துக் கட்டினால் 'பெரும் பரிசு' என்று விநாடிக்கு விநாடி ஆசை காட்டுகிறான். நாலைக் கோத்தால் நாலிலும் அவன் பங்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது. நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு தடவை வெட்டிய கழுத்தை இப்போது நானூறு தடவை வெட்டுகிறான். தப்பித்தவறி ஒருவர் கணக்கறிந்து தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தால், அவர் கட்டக்கூடிய தொகையைச் சொற்பமாகக் குறைத்துவிடுவது இந்தக் கம்பெனிகளின் தெரிந்த வழக்கம். தோற்கிறவனுக்குச் சலாம், ஜெயிக்கிறவனுக்குக் கதவடைப்பு! உலகத்தில் வேறு எந்த ஆட்டத்தில் ஒரு கட்சிக்கு மட்டும் இந்த உரிமை உண்டு?

தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த கதை நமக்கு நினைவிருக்கிறது. தருமன் மதியில்லாமல் தோற்றான் என்று சொல்லுவார்கள். ஆனால் அன்று பகடை சகுனியின் கையில் இருந்தது. யார் கையில் பகடை என்பதைப் பார்க்காமல், ஆடியவனை மட்டும் குற்றம் சொல்வது அரை நியாயம்.

சட்டத்துக்கு இரண்டு முகம்

பந்தயம் பற்றிய சட்டங்களின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த அரை நியாயம் எங்கே பிறந்தது என்று விளங்கும்.

இங்கிலாந்தில் 1853இல் ரொக்கப் பணத்துக்குப் பந்தயம் நடத்தும் வீடுகளை மூடச் சட்டம் செய்தார்கள். 1906இல் தெருவில் பந்தயம் கட்டுவதையும் குற்றமாக்கினார்கள். ஆலைத் தொழிலாளி தெரு முனையில் ஆறு பென்னியைக் கொடுத்துச் சீட்டு வாங்கினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் கடன் கணக்கு வைத்துக்கொண்டு தந்தியிலும் டெலிபோனிலும் பந்தயம் கட்டிய பிரபுவைச் சட்டம் தொடவில்லை. பந்தய மைதானத்திலும் அவனுக்குத் தடை இல்லை. கடன் கணக்கு யாருக்குக் கிடைக்கும்? வாரக் கூலிக்காரனுக்கா? ஏழையின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற எழுந்த சட்டம், பணக்காரனின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை!

பிறகு காற்று திரும்பியது. 1960இல் புதுச் சட்டம் வந்தது. 1961 மே மாதம் முதல் தொழிலாளிகள் வாழும் தெருக்களில் பந்தயக் கடைகள் திறந்தன, ஆயிரக்கணக்கில் பெருகின. தொழிலாளியின் பந்தயத்தைத் தடுப்பதைவிட அதில் லாபம் எடுப்பது மேல் என்று கண்டுகொண்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலும் நெவாடா மாநிலத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. 2018 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் கதவைத் திறந்துவிட்டன. சர்க்கார்களுக்கு வரி; கம்பெனிகளுக்குக் கொள்ளை; தொழிலாளிக்குக் கடன். கைப்போன் பந்தயம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் கடன் கட்ட முடியாமல் திவாலாகும் குடும்பங்கள் அதிகரித்ததை 2024இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின.

பணக்காரர்கள் தமக்குள் எப்படிப் பந்தயம் கட்டினார்கள் என்பதையும் பாருங்கள். அமெரிக்க கோல்ப் கிளப்புகளில் ஒரு பந்தய முறைக்குக் 'கல்கத்தா' என்றே பெயர். ஆம், நம் கல்கத்தாதான்! வெள்ளைத் துரைமார்கள் அங்கே குதிரைப் பந்தயத்துக்காக நடத்திய லாட்டரியிலிருந்து பிறந்த பெயர் அது. போட்டிக்கு முந்திய இரவு, மது மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஏலம் போடுவார்கள். வென்றவனை ஏலத்தில் எடுத்தவனுக்கு மொத்தப் பணத்தில் பெரும் பங்கு. மாஸ்டர்ஸின் ஆரம்ப ஆண்டுகளிலும் இந்த ஏலம் நடந்தது. 1955இல் நியூயார்க் அருகே ஒரு கிளப்பில், திறமை குறைந்தவர்களுக்கான அடிச் சலுகையைப் பொய் சொல்லிப் பெற்ற இருவர் வென்று, ஏலப் பணத்தைத் தட்டிக்கொண்டு போன ஊழல் வெடித்தது. அதற்குப் பிறகு அமெரிக்க கோல்ப் சங்கம் இந்த ஏலங்களை எதிர்த்துக் குரல் கொடுத்தது. அதுவரை கனவான்களின் சூதாட்டத்துக்குப் பெயர் பொழுதுபோக்கு!

பட்டியலில் இல்லாத பெயர்கள்

பந்தயம் கட்டுகிறவர் பட்டியலில் உள்ள பெயர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். பட்டியலை யார் தயாரித்தார்கள்? இந்தக் கேள்வியை எந்தப் பந்தயத் தாளும் கேட்பதில்லை.

கோல்பை வளர்த்தவர்கள் உழைப்பாளிகள்தான். ஸ்காட்லாந்தில் பந்து செய்தவர்களும் தடி செய்தவர்களும் துரைமார்களின் தடிகளைச் சுமந்தவர்களுமே முதல் தொழில் ஆட்டக்காரர்கள். தடிப்பை சுமக்கிறவருக்கு அங்கே 'கேடி' என்று பெயர். நம்மூர்ப் போலீஸ் பதிவேட்டில் வரும் கேடி அல்ல. நாள் முழுவதும் மூட்டை சுமக்கும் கூலியாள். 1849இல் ஆலன் ராபர்ட்சன், டாம் மாரிஸ் என்ற இருவரும் டன் சகோதரர்களோடு மோதிய ஆட்டத்துக்குப் பந்தயம் 400 பவுன். ஆடியவர்கள் தொழிலாளிகள், பணம் கனவான்களுடையது. சேவற்கட்டில் சேவல் எப்படியோ, அப்படி!

ஆட வந்தவனை வீட்டுக்குள் சேர்க்கும் வழக்கமும் இல்லை. தொழில் ஆட்டக்காரர்கள் கிளப் கட்டிடத்துக்குள் கால் வைக்க முடியாது. 1920இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆட வந்த அமெரிக்கர் வால்டர் ஹேகன், உள்ளே விடாததால் வாடகைக் காரிலேயே உடை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் டொலிடோ நகரத்து இன்வர்னஸ் கிளப், யு.எஸ். ஓப்பனின்போது தொழில் ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்தச் சிறு மரியாதையே அன்று பெரிய செய்தியாயிற்று.

வெள்ளைத் தொழிலாளியின் கதி இது என்றால் நீக்ரோ மக்களின் கதி எப்படி இருந்திருக்கும்? அமெரிக்கத் தொழில் கோல்ப் சங்கத்தின் விதியிலேயே 'வெள்ளையர் மட்டும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். 1934 முதல் 1961 வரை அந்த விதி உயிரோடு இருந்தது. சிறு வயதில் கேடியாக மூட்டை சுமந்து ஆட்டம் கற்ற சார்லி சிபோர்ட் அதை எதிர்த்துப் போராடி உள்ளே வந்தார். 1967இலும் 1969இலும் சங்கத்தின் பந்தயப் போட்டிகளை வென்றார். ஆயினும் மாஸ்டர்ஸ் அவருக்கு ஒருமுறைகூட அழைப்பு அனுப்பவில்லை. அந்த ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் தாள்களில் எத்தனை லட்சம் குறிகள் விழுந்திருக்கும்! அவற்றில் ஒன்றாவது சிபோர்டின் பெயருக்கு நேராக விழ முடியவில்லை. ஏனென்றால் தாளில் அந்தப் பெயரே இல்லை.

மாஸ்டர்ஸ் மைதானத்தில் முதல் கறுப்பு ஆட்டக்காரராக லீ எல்டர் கால் வைத்தது 1975இல்; போட்டி பிறந்து 41 ஆண்டுகளுக்குப் பின்னர். ஆனால் கறுப்பு மனிதர்கள் அங்கே முன்னமே இல்லாமல் இல்லை. மூட்டை சுமந்தவர்கள் அவர்கள்தான்! ஆடுகிறவர் எவராயினும் கிளப்பின் கேடியையே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது 1983 வரை விதி. அந்தக் கேடிகள் கறுப்புத் தொழிலாளிகள். பந்து எங்கே சரியும், புல் எந்தப் பக்கம் சாயும் என்று வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். 1983இல் ஆட்டக்காரர்கள் சொந்தக் கேடியைக் கொண்டுவரலாம் என்று விதி மாறியது. ஆண்டில் அதிகக் கூலி கிடைக்கும் அந்த ஒரு வாரமும் அவர்களில் பெரும்பாலோருக்குப் போயிற்று. முதல் கறுப்பு அங்கத்தினரை அந்தக் கிளப் சேர்த்துக்கொண்டது 1990இல். பெண்களைச் சேர்த்துக்கொண்டது 2012இல்.

நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நேட்டாலிலும் ஒரு கதை உண்டு. பாப்வா செவ்கோலம் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கேடி. கைகளை மாற்றிப் பிடித்து ஆடும் வினோதமான பாணி அவருடையது. ஐரோப்பா சென்று டச்சு ஓப்பனை மூன்று முறை வென்றவர். 1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். ஆனால் இந்தியர் கிளப் கட்டிடத்துக்குள் நுழையக்கூடாது என்பது நிறவெறிச் சட்டம். வெள்ளையர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். 1965இல் மறுபடியும் வென்றார். அடுத்த ஆண்டிலேயே போட்டிகளில் ஆடத் தடை விழுந்தது. தோற்கடிக்க முடியாதவனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்!

இவ்வளவு தடைகளையும் மீறி உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிறு வயதில் டெக்சாஸ் பருத்திக் காட்டில் வேலை செய்த மெக்சிக்க வம்சத்தவர் லீ டிரிவினோ 1968இலும் 1971இலும் யு.எஸ். ஓப்பனை வென்றார். அர்ஜென்டினாவில் சிறுவனாக மூட்டை சுமந்த ஆங்கெல் கப்ரேரா 2007இல் யு.எஸ். ஓப்பனையும் 2009இல் மாஸ்டர்ஸையும் வென்றார். திறமைக்குக் குலமும் நிறமும் கிடையாது. பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் அவை இருந்தன.

நாம் சொல்வது

ஆகவே, பெயர்ப்பட்டியலை நீட்டி "உன் இஷ்டம்போல் தேர்ந்தெடு" என்று சொல்கிறவனைப் பார்த்து உழைப்பாளி நாலு கேள்வி கேட்கவேண்டும். பட்டியலைப் போட்டது யார்? விலை வைத்தது யார்? பணத்தை வைத்திருப்பது யார்? மிச்சம் யாருக்கு? இந்த நாலையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, குறி போடும் உரிமையை மட்டும் நமக்குக் கொடுப்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுகிறார்கள். மேய்ப்பனைத் தேர்ந்தெடுக்க விடாமல், எந்தக் கத்தி வேண்டும் என்று ஆட்டைக் கேட்பது போல இருக்கிறது இது!

தொழிலாளிகள் தமக்குள் கூடி, விதிகளைத் தாமே வகுத்து, போட்ட பணம் முழுவதும் போட்டவர்களுக்கே திரும்புகிற மாதிரி ஆண்டுக்கு நான்கு தடவை ஆடினால், அது பொழுதுபோக்கு. பணம் வைத்திருக்கும் ஆள் எல்லோரும் அறிந்தவராக இருக்கட்டும். கணக்குத் தாள் சுவரில் தொங்கட்டும். தொகை, போனால் ஒரு வேளை டீயை விட்டுக்கொடுத்துச் சமாளிக்கிற அளவில் நிற்கட்டும். கடன் வாங்கி எவரும் கட்டவேண்டாம். வட்டிக்கு வாங்கிய பணம் பந்தயத்துக்குப் போனால், அடுப்பில் பூனை உறங்கும்.

கம்பெனியின் பந்தயம் அப்படியல்ல. அது சம்பள வெட்டு. முதலாளி நூற்றுக்கு இருபத்து மூன்று வெட்டினால் நாம் மில் வாசலில் கூடுகிறோம், சங்கத்தைக் கூட்டுகிறோம், வேலைநிறுத்தம் செய்கிறோம். இந்த வெட்டை நம் விரலாலேயே, நம் போனிலேயே, இரவில் போர்வைக்குள் இருந்துகொண்டு நமக்கு நாமே செய்துகொள்கிறோம். அதை எதிர்த்துக் கோஷம் போட ஆள் இல்லை. தனியாக இருக்கும் தொழிலாளியைத்தான் எந்தக் கொள்ளைக்காரனும் தேடுகிறான்.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யப் பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் சட்டம் ஏட்டில் ஏறியதும் ஆசை காட்டுகிறவன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. வேறு பெயரில், வேறு வாசலில் வருவான். இங்கிலாந்தும் அமெரிக்காவும் தரும் பாடம் அதுதான். இன்று தடுக்கும் சட்டம் நாளை லாபத்தின் பக்கம் திரும்பிவிடலாம். சட்டத்தை மட்டும் நம்பியிருப்பவன் தூங்குகிறவன். கணக்குத் தெரிந்த தொழிலாளியே விழித்திருக்கிறவன்.

அடுத்த ஏப்ரலிலும் அகஸ்டாவில் பூக்கள் பூக்கும், பந்து உருளும், தாள் கைமாறும். யார் வெல்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியிடம் கட்டிய பந்தயத்தில் யார் வெல்வார் என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடலாம். அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது!